‘யார் குரல்’ என்ற கட்டம்

மார்ச் 4, செவ்வாய்

என் மகன் தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் அவனைத் தெரியாதவள் போல நடித்தேன் என்று நாத்தனார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தவறு. நான் நடிக்கவில்லை. எழுபத்தேழு வயதுவரை எனக்கு நடித்துப் பழக்கமில்லை. கான்வென்ட் நாடகத்தில்கூட என்னைத் திரை இழுக்கத்தான் வைத்தார்கள்.

நடந்தது இது. போன மாதம் இருபத்து மூன்றாம் தேதி, ஞாயிறு, காலை பத்து மணி. மணி அடித்தது, எடுத்தேன். ஓர் ஆண்குரல்.

“அம்மா.”

“யார் பேசுவது?”

“நான்தாம்மா.”

“நான் என்று ஒரு பெயர் கிடையாது. உங்களுக்கு யார் வேண்டும்?”

“சரிம்மா. புரிஞ்சுது. வெச்சுடறேன்.”

அந்தப் ‘புரிஞ்சுது’வில் கோபம் இருந்தது. வருத்தமும் இருந்தது. எல்லாம் தெளிவாகக் கேட்டது. யாருடைய வருத்தம் என்பதுதான் தெரியவில்லை. வேறு வீட்டு அம்மாவைத் தேடும் யாரோ என்று நினைத்துக்கொண்டு காப்பி ஆறிவிடுமே என்று போய்விட்டேன். மறுநாள் நாத்தனார் இரண்டு தெரு தாண்டி நேரில் வந்து சண்டை பிடித்தபோதுதான் அது அவன் என்று தெரிந்தது.

அவன் அப்படி எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. டிசம்பரில் வந்திருந்தபோது, “தனியா இருந்தது போதும், வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்துடு” என்றான். எத்தனையாவது தடவை என்று எண்ணவில்லை. “இந்தப் பேச்சை எடுக்கிற குரலே எனக்கு இனிமேல் கேட்க வேண்டாம்” என்றேன். சொன்னது சொன்னதுதான், மறுக்கவில்லை. அதுவரை ஞாயிறு பத்து மணி தவறாமல் கூப்பிட்டவன், இரண்டு மாதம் கூப்பிடவே இல்லை. பிறகு அவனே இறங்கி வந்து கூப்பிட்டான். நான் யார் வேண்டும் என்று கேட்டேன்.

எனக்கு என் மகனின் குரல் தெரியவில்லை. இதை இந்த நோட்டில் மட்டும் எழுதுகிறேன்.

மார்ச் 5, புதன்

யாரும் கூப்பிடவில்லை. தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். வேலை செய்கிறது.

மார்ச் 8, சனி

காது மருத்துவரிடம் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். எறும்பு தும்மினால் வருகிற மாதிரி ஒரு சத்தம்; அதற்கும் அழுத்தினேன். மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, “உங்க காதுக்கு அறுபது வயசும்மா. உடம்புதான் முந்திப் போயிடுச்சு” என்றார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தேன். குரல் விஷயத்தைச் சொல்லவில்லை.

ஆகவே காது இல்லை.

இரண்டு வாரமாக என்னையே கவனித்து வருகிறேன். பொருள்களின் சத்தம் எதுவும் போகவில்லை. குழாய், பூட்டு, குக்கர், எதிர்வீட்டு ஸ்கூட்டர் எல்லாம் தெரிகிறது. மாடி வீட்டுத் தையல்காரி மிஷின் ஓட்டினால் மெல்லிய துணியா, முரட்டுத் துணியா என்றுகூடச் சொல்வேன். ஆனால் அவளே கதவுக்கு வெளியே நின்று பேசினால் யாரோ ஒரு பெண். ‘டீச்சரம்மா’ என்று அவள் ஒருத்திதான் என்னைக் கூப்பிடுவாள், அதனால் கண்டுபிடித்துவிடுகிறேன். (நான் டீச்சர் இல்லை. ஒரு நாள்கூடப் பாடம் எடுத்ததில்லை. முகத்தைப் பார்த்து அவளே முடிவு செய்துகொண்டாள்.) வானொலியில் செய்தி வாசிக்கிற பெண்கள் எல்லோரும் ஒரே பெண்ணாகிவிட்டார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

கூப்பிட்டான்!

பத்து அடித்து இரண்டு நிமிடம். இந்தத் தடவை நான் விடவில்லை. “அம்மா, நல்லா இருக்கீங்களா” என்று ஆரம்பித்ததுமே நான் பேச ஆரம்பித்துவிட்டேன். மரியாதையாகக் கேட்கிறான் பார், இன்னும் கோபம் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். டிசம்பரில் சொன்னதைச் சொல்லியிருக்கக் கூடாது என்றேன். அன்றைக்குத் தெரியாதவள் போல நடிக்கவில்லை, சத்தியம் என்றேன். உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் ஒவ்வொரு ஞாயிறும் ஒன்பதரைக்கே நாற்காலியைத் தொலைபேசிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன், அது உனக்குத் தெரியாது என்றேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். இந்த வார்த்தையை நான் யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா? அவரிடம்கூடச் சொன்னதாக நினைவில்லை.

நடுவில் இரண்டு தடவை ஏதோ சொல்ல வந்தான்; நான் விடவில்லை. கடைசியில், “அப்படியெல்லாம் மனசு கஷ்டப்படாதீங்கம்மா. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டுல இருப்பீங்களா? வர்றேன்” என்றான்.

இருக்காமல் எங்கே போகப் போகிறேன்!

மார்ச் 11, செவ்வாய்

அவன் அறைத் திரைகளைத் துவைத்தாயிற்று. தையல்காரி மேலே ஏறிக் கொக்கி மாட்டிக் கொடுத்தாள். “என்ன டீச்சரம்மா, மாப்பிள்ளை அழைப்பா?” என்றாள். ஏழு மணி நேரம் பயணம் செய்து வருகிறவனுக்குச் சுத்தமான படுக்கை வேண்டாமா?

மார்ச் 13, வியாழன்

எழுதத்தான் வேண்டும்.

பதினொன்றுக்கு அழைப்பு மணி. நல்ல புடவையில் போய்க் கதவைத் திறந்தேன். கண்ணாடி போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். தோளில் பை. சட்டைப் பையில் குடிநீர் ஃபில்டர் கம்பெனியின் பெயர்.

“அம்மா, ஞாயித்துக்கிழமை போன்ல பேசினோமே. ஃபில்டர் மாத்தணும்.”

நான் வழியை அடைத்துக்கொண்டு நின்றேன் போல. அவரும் காலணியைக் கழற்றலாமா வேண்டாமா என்று நின்றார்.

“நீங்களா பேசினது?”

“நான்தாம்மா. நடுவுல நிறுத்தி, ராங் ஆள்கிட்ட பேசறீங்கன்னு சொல்லத்தான் பார்த்தேன். எங்க விட்டீங்க? அப்புறம் நீங்க அழுதுட்டீங்க. அதுக்கு மேல எனக்கும் வாய் வரல.”

“நான் அழவில்லை.”

“சரிம்மா, அழல.”

அந்த மனிதர் ஃபில்டரைக் கழற்றினார், கழுவினார், புதிதை மாட்டினார். இரண்டு கிளாஸ் தண்ணீர் பிடித்து, ஒன்றைத் தாம் குடித்துக் காட்டி, ஒன்றை எனக்குக் கொடுத்தார். போகும்போது, “உங்க பையன் இன்னும் கூப்பிடலையாம்மா?” என்று கேட்டார். எல்லாம் தெரிந்த மனிதர் அல்லவா, கேட்கிறார்! தலையை மட்டும் ஆட்டினேன்.

பெற்ற பிள்ளையிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை ஃபில்டர்காரரிடம் கேட்டிருக்கிறேன். என்ன பிறவி நான்? எங்கே போய் முட்டிக்கொள்வது?

மார்ச் 15, சனி

இன்றுதான் நிதானமாக யோசிக்க முடிகிறது.

என்ன தவறு செய்தேன் என்று தெரிந்துவிட்டது. இந்தத் தவறுக்காக நான் எத்தனையோ உதவியாளர்களைத் திட்டியிருக்கிறேன்.

குரங்காய்வு நிலையத்தில் இருபத்தேழு வருஷம் எனக்கு ஒலிக்குறிப்பேடு எழுதுகிற வேலை. பெரிய வேலிக்குள் முப்பத்தொரு குரங்குகள், வெளியே ஒரு மறைப்பு, மறைப்புக்குப் பின்னால் நான். பக்கத்துக்கு மூன்று கட்டங்கள்: நேரம், என்ன சத்தம், யார் குரல். மூன்றாவது கட்டத்துக்கு ஒரு விதி இருந்தது. வாய் அசைவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அல்லது காதுக்குச் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பெயர் எழுதக் கூடாது, ஒரு கோடு போட வேண்டும். புதிதாக வருகிற பிள்ளைகள் கோடு போட வெட்கப்படுவார்கள். ‘தீனி நேரத்தில் எப்போதும் கலெக்டர்தானே கத்துவார்’ என்று கடிகாரத்தைப் பார்த்துப் பெயரை எழுதிவிடுவார்கள். (கலெக்டர், கூட்டத்தின் மூத்த ஆண். நடக்கிற நடைக்காக வைத்த பெயர்.) அப்படி எழுதிய பக்கத்தை நான் சிவப்பு மையால் குறுக்கே அடித்துவிடுவேன். என் பக்கங்களில்தான் கோடுகள் அதிகம். அதனால்தான் என் பக்கங்களை நம்பினார்கள்.

ஞாயிறு பத்து மணி, ஆகவே என் மகன். கடிகாரத்தைப் பார்த்துப் பெயர் எழுதினேன். அவ்வளவுதான்.

அங்கே இன்னொரு சோதனையும் நடந்தது. குரங்குக்கு ஒரு சத்தம் கேட்க வைப்பார்கள், கொஞ்சம் பொறுத்து இன்னொரு சத்தம். இரண்டும் ஒன்றென்றால் பொத்தானிலிருந்து கையை எடுக்க வேண்டும். சில நொடி இடைவெளி என்றால் சரியாகச் செய்யும். அரை நிமிடம் போய்விட்டால் குருட்டாம்போக்குத்தான். அதே குரங்குக்கு ஒரு படத்தைக் காட்டினால் வெகு நேரம் நினைவு வைத்திருக்கும். மனிதர்கள் சத்தத்துக்கு ஒரு பெயர் வைத்து வாய்க்குள் சொல்லிக்கொள்கிறார்கள், அதற்கு அது முடியாது, அதனால் இருக்கலாம் என்றார் நிலையத்தை நடத்திய எங்கள் பெரியவர். அப்போது எனக்கு உள்ளுக்குள் ஓர் ஏளனம் இருந்தது. பாவம், குரங்குதானே!

ஆனால் எனக்குப் போனது அந்த நினைவு இல்லை. இது அதற்கெல்லாம் அடியில் இருக்கிறது. ஒரு ஒலிபெருக்கியைப் புதருக்குள் மறைத்து, ஒரு குட்டியின் அலறலைப் போடுவோம். நான்கைந்து தாய்கள் உட்கார்ந்திருக்கும். அந்தக் குட்டியின் தாய் மட்டும் சட்டென்று புதரைப் பார்க்கும். மற்றவை புதரைப் பார்க்காது, அந்தத் தாயைப் பார்க்கும். யாருடைய பிள்ளை என்று எல்லாவற்றுக்கும் தெரியும்.

குரங்குக்குத் தெரிகிறது.

மார்ச் 16, ஞாயிறு

பத்து மணிக்கு மணி அடிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போடவும் இல்லை.

சந்தேகத்தில் உட்கார்ந்திருப்பது என் வழக்கமில்லை. சோதனை செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டு உறவுக்காரருக்கு அனுப்ப எல்லோரும் பேசிப் பதிவு செய்த கேசட்டின் பிரதி ஒன்று இருக்கிறது; யார் எப்போது பேசுகிறார்கள் என்று உறைமேல் எழுதியும் வைத்திருக்கிறேன். அவர், மகன், கொழுந்தன், சம்பந்தி, நான்கு ஆண்கள். அவர் போன பிறகு அதை நான் போட்டதே இல்லை. போட்டால் தேய்ந்துவிடும் என்று பயம். என்றைக்காவது தாங்க முடியாமல் போனால் அன்றைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆறு வருஷமாக அலமாரியில் வைத்திருந்தேன்.

தையல்காரியை வரச் சொன்னேன். டப்பாவில் நான்கு நிறப் பொத்தான்கள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார, அவள் கண்ணை மூடி ஒரு பொத்தானை எடுத்து, அந்த நிறத்துக்கு உரியவரின் பேச்சில் ஓரிடத்தைப் போட வேண்டும். நான் காகிதத்தில் பெயரோ கோடோ எழுதுவேன். இருபத்திரண்டு தடவை.

“இதுல ஜெயிச்சா என்ன கிடைக்கும் டீச்சரம்மா?”

“பேசாமல் போடு.”

இரண்டு இடங்களில் பேச்சின் விஷயமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அவற்றைக் கழித்துவிட்டேன். மிச்சம் இருபது. கோடு ஒன்பது. பெயர் எழுதியவை பதினொன்று, அதில் சரி மூன்று. கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தாலும் மூன்று வந்திருக்கும்.

ஒரு குரலுக்கு ஐந்து தடவையும் கோடு போட்டிருந்தேன். எந்தப் பொத்தான் என்று கேட்டேன். தையல்காரி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சார்தாம்மா அது.”

நாற்பத்தாறு வருஷம். சொற்கள் எல்லாம் புரிகின்றன. மழை பெய்ததையும், என் முட்டிவலியையும், பேரனின் மார்க்கையும் நிதானமாகச் சொல்கிறார். நல்ல மனிதர், யாரோ.

அவளைப் போகச் சொல்லிவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். தேய்ந்தால் தேயட்டும்.

மார்ச் 20, வியாழன்

மூளை மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். வலது பக்கம், காதுக்கு மேலே உள்ளே, சிறிய அடைப்பு வந்து போன தடம். ஜனவரியில் ஒரு மத்தியானம் தலை சுற்றி, சோபாவில் படுத்து, எழுந்து, சரியாகிவிட்டது என்று நினைத்தேனே, அதுவாக இருக்கலாம் என்றார்.

“பேச்சு, நடை எல்லாம் தப்பிச்சிருக்கு. குரலை வெச்சு ஆளைத் தெரிஞ்சுக்கற வேலைல மட்டும் கை வெச்சிருக்கு. அபூர்வம்மா இது.”

“குரங்குக்கும் அந்தப் பக்கத்தில்தான். தன் இனத்தின் குரலுக்கென்றே ஓர் இடம்.”

பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அதுங்க கத்தினதை எழுதிச் சம்பாதிச்சவ நான்.”

திரும்பி வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார். இது கோடு. நேர்மையான மனிதர்.

மாத்திரை கொடுத்திருக்கிறார். “வீட்டுல யார்கிட்டயாவது சொல்லுங்க, தனியா இருக்கீங்க” என்றும் சொன்னார்.

சொல்வதாவது!

மார்ச் 22, சனி

நாத்தனார் வந்தாள். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தாள்.

“உங்க பிள்ளைக்கு வெளிநாட்டுல வேலை மாத்தல் அண்ணி. அஞ்சு வருஷம். ஏப்ரல் பதினஞ்சு கிளம்பறான். உங்ககிட்டச் சொன்னானா?”

சொல்லவில்லை.

“எப்படிச் சொல்லுவான்? ‘அத்தை, அம்மாவுக்கு நான் வேண்டாம், நேர்ல போயும் அவமானப்படணுமா’ன்னு என்கிட்ட அழறான். நாப்பத்தெட்டு வயசு ஆம்பிளை! ஒரு வார்த்தை, ‘ஆமாண்டா, தெரியாம கேட்டுட்டேன்’னு சொன்னா உங்க கிரீடம் கீழ விழுந்துடுமா? எங்க அண்ணன் எப்படித்தான் காலம் தள்ளினாரோ!”

“உன் அண்ணன் நன்றாகவே தள்ளினார். காப்பி வேண்டுமா?”

“கல்லு அண்ணி நீங்க, கல்லு.”

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் ஏதாவது வருகிறதா என்று. எதிர்வீட்டு அம்மாளும் இப்போதெல்லாம் அப்படித்தான் பார்க்கிறாள். புதருக்குள் பிள்ளை அலறியாயிற்று, இவள் ஏன் திரும்பவில்லை என்று எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்.

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே அவன் வண்டி எடுத்துக்கொண்டு வருவான். மூளையில் அடைப்பு, தனியாக இருக்கவே கூடாது, பூட்டு வீட்டை. வாதம் அங்கேயே முடிந்துவிடும். பிறகு நான் யார் வீட்டிலோ ஓர் அறையில், எந்தக் குரல் யாருடையது என்று தெரியாமல், ஒவ்வொரு ‘அம்மா’வுக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கல்நெஞ்சக்காரி என்று பெயர் எடுப்பது அதைவிட மேல். அவளை யாரும் கையைப் பிடித்துக் கூட்டிப்போக மாட்டார்கள்.

காப்பி கலந்து கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவளும் சொல்லாமல் குடித்தாள்.

மார்ச் 23, ஞாயிறு

மணி அடித்தது, பத்தேகாலுக்கு. ஓடினேன். “ஹலோ, ஹலோ, யார் என்று பெயரைச் சொல்லுங்கள், தயவுசெய்து பெயரைச் சொல்லுங்கள்” என்று கத்தியிருக்கிறேன். எதிர்முனையில் ஒன்றுமில்லை. வைத்துவிட்டார்கள்.

அவனாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

மார்ச் 24, திங்கள்

எனக்கு எது வேண்டும்? வீடா, பிள்ளையா? இப்படி ஒரு கேள்வியை யாராவது என்னிடம் நேராகக் கேட்டிருந்தால் கேள்வியே சரியில்லை என்று திருத்தியிருப்பேன். இன்றைக்குத் திருத்தத் தோன்றவில்லை. அஞ்சு வருஷம்னா எனக்கு எண்பத்திரண்டு. இருந்தா.

ஃபில்டர்காரரிடம் சொல்ல முடிந்ததே! அத்தனையும் சொன்னேனே, மூச்சு விடாமல். அவன் என்று நினைத்துத்தானே சொன்னேன்? அப்படியானால் அவனிடம் சொல்ல எனக்கு முடியும் என்றுதானே அர்த்தம்?

மார்ச் 26, புதன்

காலையில் எழுதினேன். மூன்று தடவை கிழித்தேன். நான்காவதைத் தையல்காரி கடைக்குப் போகிற வழியில் கூரியரில் போட்டுவிட்டு வந்து ரசீதைக் கொடுத்தாள். மருத்துவரின் அறிக்கை நகலையும் உள்ளே வைத்திருக்கிறேன். கடிதத்தின் பிரதி:

“அன்புள்ள மகனுக்கு,

அத்தை உன்னிடம் சொன்னவை பெரும்பாலும் சரி. ஒன்று தவறு. பிப்ரவரி இருபத்து மூன்றாம் தேதி நான் உன்னைத் தெரியாதவள் போல நடிக்கவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஜனவரியில் மூளையில் ஒரு சிறிய அடைப்பு வந்து போயிருக்கிறது. அதிலிருந்து எனக்கு யாருடைய குரலையும் வைத்து ஆளைச் சொல்ல முடியவில்லை. உன் குரல் மட்டுமில்லை, உன் அப்பாவின் கேசட்டையும் போட்டுப் பார்த்துவிட்டேன். மற்றபடி நடக்கிறேன், சமைக்கிறேன், இந்தக் கடிதத்தில் எழுத்துப்பிழை இல்லை என்பதை நீயே பார்த்துக்கொள்ளலாம்.

இதை மறைத்தது, நீ என்னைக் கூட்டிப்போய்விடுவாய் என்ற பயத்தால். டிசம்பரில் நான் சொன்ன வாக்கியம் தவறான வாக்கியம். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இதே விஷயத்தை ஏற்கெனவே ஒரு முறை வேறொருவரிடம் சொல்லித் தொலைத்தேன். அது பெரிய கதை, நேரில் சொன்னால்தான் நீ சிரிப்பாய்.

நீ கிளம்புவதற்கு முன் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ. நான் எங்கே இருப்பது என்பதைப் பற்றி உட்கார்ந்து பேசுவோம். சம்மதம் என்று எழுதவில்லை, பேசுவோம் என்றுதான் எழுதியிருக்கிறேன். நீ வாசலில் வந்து நின்றால் முகம் எனக்குத் தெரியும்.

தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். நீ என்று நம்பி நான் இன்னொருவரிடம் பேசிவிடுவேன். எந்தத் தேதிக்கு வருகிறாய் என்பதை உன் கையால் ஒரு தாளில் எழுதி அனுப்பு.

அம்மா.”